மாலிப்டினம் தாதுவை அரைப்பவர்கள் கேட்டவை

தாதுவில் 0.2 சதவீதம் மாலிப்டினம் என்று அறிக்கை வந்திருக்கிறது. 100 டன் அரைத்தால் என்ன கிடைக்கும்?

100 டன்னில் உலோகம் 200 கிலோ. அது மாலிப்டினைட் என்ற சல்ஃபைடாக, அதாவது கந்தகத்தோடு சேர்ந்த கனிமமாக இருக்கிறது. அதில் 60 சதவீதம்தான் உலோகம் என்பதால் கனிமம் சுமார் 333 கிலோ. அரைத்த தாதுவை நீரில் கலக்கி, கனிமத்தைக் காற்றுக்குமிழில் ஒட்டவைத்து நுரையாக மிதக்கவிடுவதுதான் முறை. அப்படி அதில் 85 சதவீதத்தைப் பிடித்து, 90 சதவீதத் தூய்மையில் எடுத்தால் ஏறக்குறைய 315 கிலோ சரக்கு. மற்றதெல்லாம் கழிவுதான். அதனால் ஆலைக்கு முன் கழிவுக்கு இடம் பாருங்கள். அப்புறம், அந்த 0.2 முழுக்க சல்ஃபைடா என்றும் ஆய்வகத்தில் கேளுங்கள். மேல்மட்டப் பாறையில் காணும் மஞ்சள் பூச்சு ஆக்சிஜனேற்றம் அடைந்த கனிமம். அது இந்த முறையில் மிதக்காது.

இன்னும் நைசாக அரைத்தோம். மீட்பு, அதாவது தாதுவிலிருந்து பிடிக்கும் கனிமத்தின் பங்கு, கூடவில்லை, குறைந்துவிட்டது. ஏன்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். மாலிப்டினைட் தகடு தகடாக இருக்கும். தகட்டின் முகம் தண்ணீரை ஒட்டவிடாது, விளிம்பு ஒட்டவிடும். அரைக்க அரைக்க விளிம்பு பெருகி, மிதக்கும் குணம் குறைகிறது. கனிமமோ நகத்தால் கீறும் அளவுக்கு மென்மை. கூடவே இருக்கும் குவார்ட்ஸ் கடினம். பால் மில் எனும் குண்டு அரவை இயந்திரத்தில் இரண்டும் உருளும்போது மாலிப்டினைட் நசுங்கிச் சேறாகிவிடுகிறது.

முதலில் மணல் பருமனில் நிறுத்துங்கள். குவார்ட்ஸ் துணுக்கில் ஒரு ஓரத்தில் தகடு தெரிந்தாலே குமிழில் ஒட்டி மேலே வரும். அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள கிளைமாக்ஸ் சுரங்கத்திலும் முதல் அரைப்பு பருமனாகத்தான் இருந்தது. வந்த நுரையை மட்டும் தனியாக மறுபடி அரைத்து, நான்கைந்து முறை மிதக்கவிட்டுச் சுத்தம் செய்யுங்கள். அளவு கொஞ்சம் என்பதால் சின்ன மில் போதும். கனிமம் குமிழில் நன்றாக ஒட்ட உதவும் டீசலையோ மண்ணெண்ணெயையோ மில்லிலேயே ஊற்றிவிட்டால் நன்றாகப் பரவும். நுரைக்குப் பைன் ஆயில்.

நுரையைக் கொஞ்சம் எடுத்து, கழுவி, விரலிடையே தேய்த்துப் பாருங்கள். வழுக்கலாக, ஈயநிறத்தில் மினுங்கினால் சரி. நறநறவென்றால் குவார்ட்ஸ் இன்னும் பிரியவில்லை.

தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம் மாலிப்டினைட் உண்டாமே. தட்டில் அலசிப் பிரிக்கலாமா?

உண்டு. ஆனால் அலசல் கைகொடுக்காது. அடர்த்தி 4.7 இருந்தும், தகடுகள் தண்ணீரோடு வழுக்கிப் போய்விடும்.

செம்பு கலந்திருக்கிறது என்று வாங்குபவர் விலையைக் குறைக்கிறார்.

சுத்தப்படுத்தும் கட்டத்தில் சோடியம் ஹைட்ரோசல்ஃபைடு சேர்த்தால் செம்புக் கனிமம் மிதக்காமல் அமுங்கிவிடும். ஆனால் கலவை அமிலத்தன்மைக்கு இறங்கினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும்; ஆளைக் கொல்லும். வாயு அளக்கும் கருவியும் காற்றோட்டமும் இல்லாமல் அந்த ரசாயனத்தைத் தொடவே கூடாது.

கழிவுக்குட்டை நீரை மாட்டுத்தீவன வயலுக்கு விடலாமா?

வேண்டாம். புல்லில் ஏறும் மாலிப்டினம் மாட்டின் வயிற்றில் கந்தகத்தோடு சேர்ந்து செம்புச்சத்தைக் கட்டிப்போடும். கழிச்சல் எடுக்கும், ரோமம் வெளிறும், மாடு இளைக்கும். ஏற்கெனவே விட்டிருந்தால் அந்தப் புல்லை நிறுத்திவிட்டு, கால்நடை மருத்துவரிடம் ரத்தத்தில் செம்பு அளவு பார்க்கச் சொல்லுங்கள்.