மனநலமும் பக்கத்துக் கிளினிக்கும்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரச் செவிலியரிடம் சில கேள்விகள்

கேள்வி (சாட்ஸ்வொர்த்): அப்பா சில மாதங்களாக யாருடனும் பேசுவதில்லை. மனநல மருத்துவமனைக்கு வர மறுக்கிறார். பக்கத்துக் கிளினிக்கில் காட்டலாமா?

பதில்: முதலில் அங்கேதான் காட்ட வேண்டும். நிறவெறி ஆட்சியில் மனநலச் சிகிச்சை பெரும்பாலும் இனவாரியாகப் பிரிக்கப்பட்ட பெரிய மருத்துவமனைகளுக்குள் அடங்கியிருந்ததால், அவர் தலைமுறைக்கு அந்தப் பெயரே அச்சம் தருவதில் வியப்பில்லை. 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், இச்சிகிச்சையைப் பொதுச் சுகாதாரச் சேவையோடு இணைக்கச் சொல்கிறது. செவிலியர் தூக்கம், பசி, குடிப்பழக்கம் பற்றி விசாரித்துவிட்டு, "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்றும் நேரடியாகக் கேட்பார். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது; மனத்தில் இருப்பதைச் சொல்ல வழி பிறக்கும். மாத்திரையை மட்டும் தந்து அனுப்பினால், பேசுவதற்குத் தனியே நேரம் கேளுங்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): கடைகள் சூறையாடப்பட்டு, பலர் கொல்லப்பட்ட 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, சத்தம் கேட்டாலே மகன் நடுங்குகிறான். தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். நீண்ட நாள் கொடுத்தால் பழக்கமாகிவிடும். கெட்ட கனவு, திடுக்கிடல், சம்பவம் நடந்த தெருவையே தவிர்ப்பது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் உளவியலாளரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பேச்சு வழிச் சிகிச்சைக்கு நல்ல பலன் உண்டு. நடந்ததை விவரிக்கச் சொல்லி வீட்டில் வற்புறுத்தாதீர்கள். அந்த ஜூலையில் அருகிலுள்ள குடியிருப்புகளின் கறுப்பினக் குடும்பங்களும் உயிர்களை இழந்தன. அவர்களும் இந்திய வம்சாவளியினரான நாமும் ஒரே வரிசையில் அமர்ந்து, அச்சமின்றிச் சிகிச்சை பெறும் இடமாகக் கிளினிக் இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கேள்வி (டோங்காட்): தங்கை மனநிலை ஏற்றத்தாழ்வைக் கட்டுப்படுத்தும் லித்தியம் மருந்தைச் சாப்பிடுகிறாள். காவடிக்கு விரதம் இருக்கலாமா?

பதில்: காவடி எடுக்கத் தடையில்லை. ஆனால் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நடந்தால் லித்தியம் இரத்தத்தில் கூடி நஞ்சாகிவிடும். விரதத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.

கேள்வி (லெனேசியா): பல ஆண்டுகளாக மருத்துவமனையில் இருக்கும் அண்ணனை ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றப் போகிறார்களாம். சம்மதிக்கலாமா?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. 2016-இல் கௌடெங் மாகாணம் லைஃப் எசிடிமெனி என்ற தனியார் மனநல மருத்துவமனைகளில் இருந்த நோயாளிகளை அவசரமாக இடம் மாற்றியபோது, முறையான உரிமம் இல்லாத இல்லங்களுக்குப் பலர் அனுப்பப்பட்டனர். 144 பேர் இறந்தனர். சமூகத்துக்குள் வைத்துப் பராமரிக்கும் கொள்கை சரியானதுதான், ஆனால் இல்லமும் ஆட்களும் மருந்தும் ஆயத்தமாகாமல் ஆளை மட்டும் அனுப்புவது கைவிடுதலே ஆகும். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். இல்லத்தை நேரில் பாருங்கள். அண்ணனோடு அவருடைய கோப்பும் மருந்துப் பட்டியலும் போகின்றனவா என்று கவனியுங்கள். குறை இருந்தால் மாகாண மனநல மறுஆய்வு வாரியத்துக்கு எழுத்து மூலம் முறையிடுங்கள்.