கடைசிப் பந்தியில் மகள்

கேள்வி: என் மகளுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறாள். 100, 200 மீட்டர் ஓடுவாள். மாநில அளவில் இரண்டு பதக்கம் வாங்கியிருக்கிறாள். இந்தியாவுக்காக வெளிநாட்டில் ஓட வேண்டும் என்பதுதான் எப்போதும் அவள் பேச்சு. விடிகாலை ஐந்து மணிக்கு சைக்கிளில் காரைக்குடி மைதானத்துக்குப் போவாள், சாயந்திரமும் பயிற்சி உண்டு. சென்னையில் விளையாட்டு விடுதியில் சேர்க்கச் சொல்கிறார் கோச். என் மாமியாரோ, பெண் பிள்ளையை ஊர் ஊராக அனுப்ப வேண்டாம், நாத்தனார் மகனுக்கு இப்போதே பேசி முடித்துவிடலாம் என்கிறார். கணவர் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கும் மாஸ்டர். இரவு வர நேரமாகும். இந்த விஷயத்தில் வாயே திறப்பதில்லை. ஒரு வருடமாக மகளின் ஓட்டமும் குறைந்துவிட்டது. 12.4 வினாடியில் ஓடியவள் இப்போது 12.8. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கிறது என்கிறாள், தைலம் தேய்க்கிறோம். நான்கு மாதமாக வீட்டுக்குத் தூரமும் ஆகவில்லை. ஓடுகிற பிள்ளைகளுக்கு அப்படித்தான் என்கிறார்கள். தங்கமான பிள்ளை. அப்பாவும் தம்பியும் சாப்பிட்ட பிறகு இருப்பதைச் சாப்பிட்டுக்கொள்வாள். தம்பிக்கு முட்டை வைத்தால்கூட எனக்கு எங்கே என்று கேட்கமாட்டாள். விடுதிக்கு அனுப்புவதா, மாமியார் சொல்வதைக் கேட்பதா?

— பெயர் வேண்டாம், கோட்டையூர்

பதில்: ஓடுகிற, குதிக்கிற, கபடி ஆடுகிற பெண்களின் அம்மாக்கள் எனக்கு எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள். எல்லாக் கடிதத்திலும் ஒரு மாமியார் இருக்கிறார், ஒரு முறைமாப்பிள்ளை இருக்கிறார், வாய் திறக்காத அப்பா ஒருவர் இருக்கிறார். அனுப்பவா, நிறுத்தவா என்று கேட்கிறார்கள். உங்களுக்கு அதற்குப் பதில் பிறகு சொல்கிறேன். மகளை மெச்சுவதற்காக எழுதினீர்களே ஒரு வரி, அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இருப்பதைச் சாப்பிட்டுக்கொள்வாள் என்றால் என்ன இருக்கும் அம்மா? கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு என்ன மிஞ்சும் என்று உங்கள் கணவருக்குத் தெரியாததா? ரசம் தண்ணீராயிருக்கும், பணியாரம் தீர்ந்திருக்கும், குழம்பில் காய் இருக்காது. ஊரார் வீட்டுக் கடைசி இலைக்குக்கூடக் குறை வரக்கூடாது என்று அடுப்படியில் நிற்கிற மனிதர் அவர். அவருடைய மகள் தன் வீட்டில் தினமும் கடைசிப் பந்தியில் உட்காருகிறாள். அதைப் பிள்ளையின் நல்ல குணம் என்று எனக்கு எழுதுகிறீர்கள்.

கணக்குப் பார்ப்போம். ஐந்து மணிக்கு வெறும் வயிற்றோடு கிளம்பியிருப்பாள். ஓடி முடித்து, சைக்கிள் மிதித்து வீடு வந்து, ஆண்கள் எழுந்த பிறகு இரண்டு தோசை. பள்ளிக்கூடம். மறுபடி மைதானம். இரவு அப்பா வரும்வரை காத்திருந்து, அவர் சாப்பிட்ட பிறகு சோறு. மைதானத்தில் உழைத்த தசைக்கு, பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் சோறும் பருப்பும் முட்டையும் போய்ச் சேர வேண்டும். உங்கள் வீட்டில் அந்த நேரத்து முட்டை, ஓடாத பிள்ளையின் தட்டில் இருக்கிறது. அவனுக்கும் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இவளுக்கு ஏன் இல்லை?

ஓட்டம் குறைந்தது, எலும்பு வலி, தூரம் நின்றது என்று மூன்று தனித்தனிக் கவலையாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் வேர் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். உடம்பு செலவழிக்கிற அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகாவிட்டால், உயிரைக் காக்கும் வேலையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை உடம்பு நிறுத்திவிடும். மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகிற உத்தரவு நிற்கும். ஈஸ்ட்ரோஜன் குறையும், அது குறைந்தால் எலும்பு மெலியும், மெலிந்த எலும்பின் மேல் தினமும் ஓடினால் மயிரிழை போல விரிசல் விடும். அப்படிப்பட்ட விரிசல் முதல் சில வாரம் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் போகலாம். அதற்குத் தைலம் தேய்த்து என்ன பயன்? சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014லேயே இந்தக் குறைபாட்டைப் பற்றி மருத்துவ அறிக்கை வெளியிட்டது. எலும்பு கெட்டிப்படுகிற வயது இது. இப்போது விட்டதை முப்பது வயதில் பிடிக்க முடியாது. ஓடுகிற பிள்ளைகளுக்கு அப்படித்தான் என்று சொன்னது யாராயிருந்தாலும், கோச்சாகவே இருந்தாலும், அது தவறு. மூன்று மாதம் தொடர்ந்து நின்றாலே மருத்துவரிடம் போக வேண்டும். நீங்கள் நான்கு மாதம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள்.

பி.டி. உஷாவை உங்கள் மகளுக்குத் தெரியாமலிருக்காது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக், 400 மீட்டர் தடை ஓட்டம். உஷா 55.42 வினாடி, மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண் 55.41. ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலம் போயிற்று. ஒலிம்பிக் கிராமத்துச் சாப்பாடு ஒத்துவராமல் கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டுத்தான் ஓடினேன், கடைசி 35 மீட்டரில் அது தெரிந்தது என்று பல வருடம் கழித்து அவரே சொன்னார். அன்று அந்தப் பெண்ணுக்கு வேறு வழி இல்லை, கடல் தாண்டி இருந்தார். உங்கள் மகள் சொந்த வீட்டில் இருக்கிறாள். அதே 55.42ஐ 39 வருடம் கழித்து, 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில், கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் எட்டிப் பிடித்து, வெண்கலமும் வாங்கினார். நம் ஊர்ப் பெண்களுக்குக் கால் இல்லாமல் இல்லை.

வீட்டுக்காக விட்டுக்கொடுக்கிற பெண்ணை நானும் மதிக்கிறேன். மூத்தவர்களுக்கு மரியாதை வேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் வளர்கிற பிள்ளையின் சோற்றை விட்டுக்கொடுக்கச் செய்வதற்கு எந்த மரியாதையின் பெயரும் பொருந்தாது. பெற்றவர்களின் முதல் கடமை பிள்ளைக்குப் பசியாற்றுவது. படிப்பு, கல்யாணம், பதக்கம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். உங்கள் மகளையும் கண்டிக்கிறேன்: பசியைச் சொல்லாமல் இருப்பது அடக்கம் இல்லை, பெண்ணே. அம்மாவிடம் வாய்விட்டுக் கேள்.

நாளையிலிருந்தே அவள் சாப்பாடு மாற வேண்டும். ஓடலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு, மைதானத்துக்குப் போகும்போதே டிபன் டப்பா கூடப் போகட்டும். கும்மாயத்தை ஆடி மாதத்துக்கென்று ஒதுக்கி வைக்காதீர்கள். உளுந்தும் பாசிப்பருப்பும் கருப்பட்டியும் நெய்யும் சேர்ந்த அதைவிட ஓடி முடித்த பிள்ளைக்கு வேறு என்ன வேண்டும்? கூடவே இரண்டு முட்டை, அவித்த நிலக்கடலை. சாயந்திரம் பயிற்சி முடிந்து வந்தவுடன் முதல் தட்டு அவளுக்கு. அப்பா பத்து மணிக்கு வந்தால் அவர் பத்து மணிக்குச் சாப்பிடட்டும். வாரத்தில் ஒரு நாளாவது ஆட்டு ஈரலோ மீனோ வாங்குங்கள். கடையில் விற்கிற புரோட்டீன் பொடியை யார் கொடுத்தாலும் தொடாதீர்கள். கலப்படத்தில் தடை செய்யப்பட்ட மருந்து இருந்து சோதனையில் சிக்கினால், எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. உடம்பில் இருப்பதற்கு ஓடுகிறவளே பொறுப்பு என்பதுதான் விதி.

இந்த வாரமே காரைக்குடி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். பெண்கள் நல மருத்துவர், எலும்பு மருத்துவர் இருவரையும் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு பரிசோதனைகளைக் கேளுங்கள். தூரம் நிற்பதற்கு வேறு காரணம் உண்டா என்று அவர்களே பார்ப்பார்கள். எலும்பைப் பற்றி மருத்துவர் சொல்லும்வரை அவள் ஓடக்கூடாது. அழுவாள், அழட்டும்.

கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன். 17 வயதுப் பெண்ணுக்குத் திருமணம் செய்வது குற்றம். பேசி வைப்பது அவள் தலைமேல் பாரம் ஏற்றுவது. அத்தை மகன் என்பதால் இரத்த உறவின் ஆபத்தும் சேர்ந்து வருகிறது. ஓடினால் குடும்ப வாழ்க்கை போய்விடும் என்று உங்கள் மாமியார் பயந்தால், அதே உஷா 1991இல் திருமணம் செய்து, பிள்ளை பெற்று, 1998இல் 34 வயதில் ஃபுகுவோகா ஆசியத் தடகளப் போட்டியில் பதக்கங்கள் வாங்கியதைச் சொல்லுங்கள். இன்னொரு பாட்டியைப் பற்றியும் சொல்லுங்கள். மதுரைக்குப் பக்கத்தில் தாய் தகப்பன் இல்லாத பேத்திகளைக் கூலி வேலை செய்து வளர்த்தவர் அவர். பெண் பிள்ளையை ஓட அனுப்புகிறாயே என்று சொந்தக்காரர்கள் ஏசியும் கேட்காமல் அனுப்பினார். அந்தப் பேத்தி ரேவதி வீரமணி 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகத் தொடர் ஓட்டம் ஓடினார். பாட்டி மனசு வைத்தால் என்ன நடக்கும் என்று உங்கள் மாமியாருக்குத் தெரியட்டும்.

விடுதிக்கு அனுப்புங்கள், உடம்பு தேறிய பிறகு. தேர்வுப் போட்டியில் ஓடித்தான் இடம் வாங்க வேண்டும். விரிசல் விட்ட காலோடு ஓடி இடத்தையும் இழந்து காலையும் இழக்க வேண்டாம். சேர்க்கும் முன் நீங்களும் கணவரும் நேரில் போய்ப் பெண் வார்டனிடம் பேசுங்கள், வெளியூர்ப் போட்டிக்குப் பிள்ளைகளோடு எந்தப் பெண் துணைக்குப் போகிறார் என்று கேளுங்கள், சமையலறையைப் பாருங்கள். சமையலறையைப் பார்ப்பதற்கு உங்கள் கணவரை விட்டால் வேறு ஆள் ஏது?

இன்று இரவு அவர் எத்தனை மணிக்கு வந்தாலும் இதைப் படித்துக் காட்டுங்கள். மூன்று மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். ரத்தம் எவ்வளவு, எலும்பு எப்படி, மாதாமாதம் தூரம் ஆகிறாளா என்று எழுதுங்கள். வினாடிக் கணக்கை அதற்கப்புறம் கேட்கிறேன்.