குவேக்கர் மையம் ஒன்றுக்கு வெளியிலிருந்து எப்படித் துணை நிற்பது?

குவேக்கர் எனப்படும் கிறித்தவப் பிரிவினர் அமெரிக்காவில் நடத்தும் பெண்டில் ஹில் என்னும் மையத்தின் வகுப்பொன்றில் இணையவழி கலந்துகொண்டதாகவும், குவேக்கர் அல்லாத தாங்கள் அதற்கு உதவ விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்; பணத்தை எந்த நிகழ்ச்சிக்கு ஒதுக்கச் சொல்லலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் குவேக்கர் அல்லேன். ஆயினும் பிலடெல்பியாவில் வேலை பார்த்த ஆண்டுகளில் அங்கே பலமுறை போய் அமர்ந்திருக்கிறேன்; ஒருமுறை மூன்று நாள் தங்கியும் இருக்கிறேன். எந்த நிகழ்ச்சிக்கும் ஒதுக்கச் சொல்லாதீர்கள், பொது நிதிக்குக் கொடுங்கள், சிறு தொகையானாலும் மாதந்தோறும் கொடுங்கள் என்பதே என் பதில்.

பெண்டில் ஹில் 1930-இல் பிலடெல்பியாவின் புறநகரான வாலிங்ஃபோர்டில் தொடங்கப்பட்டது. குவேக்கர் இயக்கத்தின் முன்னோடியான ஜார்ஜ் ஃபாக்ஸ் 1652-இல் ஏறிய இங்கிலாந்துக் குன்றின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அங்குள்ளவர்களின் மரபில் போதகரும் இல்லை, பிரசங்கமும் இல்லை. (கென்யா போன்ற நாடுகளில் போதகர் உள்ள குவேக்கர் சபைகள் பல உண்டு, அது வேறு மரபு.) எல்லோரும் மௌனமாக அமர்ந்திருப்பார்கள், உள்ளுந்துதல் பெற்றவர் எழுந்து சில சொற்கள் பேசிவிட்டு உட்காருவார். போதகர் இல்லாத சபையில் ஒவ்வொருவரும் தாமே கற்றுத் தெளிய வேண்டியிருப்பதால், சேர்ந்து தங்கி, சேர்ந்து உழைத்து, சேர்ந்து வழிபட்டுக் கற்பதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது. 1934 முதல் அவர்கள் வெளியிட்டு வரும் சிறுநூல்கள் நானூறுக்கும் மேற்பட்டவை.

நான் தங்கியிருந்த மூன்று நாளில் வகுப்பறையில் கேட்டவற்றில் பாதி மறந்துவிட்டது. மறக்காதது சமையலறையில் நடந்தது. இரவு உணவுக்குப் பின் தட்டுக் கழுவும் முறை எனக்கு வந்தது. அருகில் நின்று கழுவிய வயதான அம்மையார் அன்று காலை வழிபாட்டில் எழுந்து இரண்டே வாக்கியம் பேசியவர். பேசத்தான் வேண்டும் என்று எப்படித் தெரிந்தது என்று, தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். அவர் குழாயை மூடினார். ஈரக் கையோடு சற்று நேரம் நின்றுவிட்டு, "நெஞ்சு படபடத்தது. இரண்டு முறை அடக்கிப் பார்த்தேன், அடங்கவில்லை" என்றார். பிறகு குழாயைத் திறந்து மீதித் தட்டுகளைக் கழுவத் தொடங்கினார். இந்தப் பாடம் எந்த வகுப்பின் பாடத்திட்டத்திலும் எழுதப்பட்டிருக்காது. அந்தச் சமையலறையும், அதற்கு வரும் வெந்நீரும், மேலே ஒழுகாத கூரையும் இருந்ததால்தான் அது எனக்குக் கிடைத்தது.

கூரைக்கும் வெந்நீர்க் கொதிகலனுக்கும் பணம் கொடுக்க நம் மனம் எளிதில் வருவதில்லை. பெயர் உள்ள நிகழ்ச்சிக்கே கொடுக்கத் தோன்றுகிறது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருந்த வுட்புரூக்கை நினைத்துப் பாருங்கள். சாக்லேட் உற்பத்தியாளர் ஜார்ஜ் காட்பரி தந்த வீட்டில் 1903-இல் தொடங்கிய குவேக்கர் கல்வி மையம் அது. 1931-இல் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற காந்தியும் அங்கே தங்கியிருக்கிறார். கட்டடத்தைப் பேணும் செலவு தாங்க முடியாததாகிவிட, 2023-இல் அந்த வீட்டை விட்டு அவர்கள் வெளியேறினார்கள். வகுப்புகள் இணையத்திலும் பிற இடங்களிலும் தொடர்கின்றன என்பது உண்மையே. ஆனால் நூற்றிருபது ஆண்டுகளாகப் பலர் ஒரே மேசையில் உண்ட அந்த வீடு இப்போது அவர்களிடம் இல்லை. அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்கு உண்மையிலேயே துக்கமாக இருந்தது.

பணம் அனுப்பும் நடைமுறை கடினமன்று. இந்தியாவில் வசிப்பவர் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் வங்கி வழியே வெளிநாட்டு அறநிறுவனத்துக்கு நன்கொடை அனுப்பலாம். இதற்கு நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடைக்காது.

பணத்துக்கு முன் தாங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அங்கே தினமும் காலை எட்டரை மணிக்கு நடைபெறும் வழிபாட்டில் ஜூம் வழியாகவும் சேரலாம், கட்டணம் இல்லை. நமக்கு அது கோடையில் மாலை ஆறு மணி, குளிர்காலத்தில் ஏழு. வீட்டில் விளக்கேற்றும் நேரம்தான். முதல் நாள் பத்து நிமிடத்திலேயே கை கைப்பேசியைத் தேடும். அதைப் பொருட்படுத்தாமல் உட்கார்ந்திருங்கள். யாராவது பேசினால் அதற்குப் பதிலோ மறுப்போ சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. கேட்டுவிட்டு மறுபடி மௌனத்துக்குத் திரும்புவார்கள். சில நாள் நாலைந்து பேர் மட்டும் வந்திருக்கையில் ஆறாவதாக ஒருவர் வந்து அமர்ந்தால் அந்த அறையின் மௌனம் எப்படி மாறுகிறது என்பதை நான் அங்கே உணர்ந்திருக்கிறேன். ஒரு மாதம் அப்படி அமர்ந்துவிட்டு, எவ்வளவு கொடுப்பது என்பதை அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.