எந்த யோகா, யாருக்கு?

வணக்கம்,

எனக்கு 44 வயது. நாள் முழுக்கக் கணினி முன்னால் வேலை. கீழ்முதுகு வலிக்கு யோகா செய்யச் சொன்னார்கள் என்று வீட்டருகே அஷ்டாங்க வின்யாச வகுப்பில் சேர்ந்தேன். இரண்டே மாதத்தில் வலது தோளும் வலிக்கிறது, முதுகும் தேறவில்லை. ஐயங்கார் யோகா, வினியோகா, ஹாட் யோகா என்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானா? எதற்கு மாறலாம்?

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் தோள். இந்த வகுப்புகளில் தோள்வலிக்குப் பெரும்பாலும் சதுரங்க தண்டாசனம்தான் காரணம். குப்புற இருந்து, கையையும் கால்விரலையும் ஊன்றி, உடலைப் பலகைபோல் நேராக இறக்கும் நிலை அது. உடலை இறக்கும்போது தோள் முழங்கைக்குக் கீழே போனால் பாரம் முழுக்கத் தோள்மூட்டின் முன்பக்கத்தில் விழும். ஒரே வகுப்பில் அது எத்தனையோ முறை வருகிறது. வலி அடங்கும்வரை அதை விட்டுவிடுங்கள். பிறகு முழங்காலைத் தரையில் ஊன்றி, முழங்கையை விலாவோடு ஒட்டி, மேற்கை தரைக்கு இணையாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

நீங்கள் சொன்னவற்றில் அஷ்டாங்கம், ஐயங்கார், வினியோகா மூன்றுக்கும் மூலம் ஒருவரே, டி. கிருஷ்ணமாச்சாரியார். மைசூரில் அவரிடம் கற்ற பட்டாபி ஜோயிஸ் வளர்த்தது அஷ்டாங்கம். மாறாத வரிசை, பெரும்பாலான ஆசனங்களில் ஐந்து மூச்சு. உடலுக்கு நல்ல வலு தரும் முறை. ஆனால் அதன் முதல் தொடரில் உட்கார்ந்து முன்னே குனிவதே மிகுதி. நாற்காலியிலேயே இருந்து தொடையின் பின்தசை இறுகியவர் காலை நீட்டி உட்கார்ந்து செய்யும் பச்சிமோத்தானாசனத்தில் குனிந்தால் இடுப்பு எலும்பு முன்னே சாயாது, கீழ்முதுகுதான் வளையும். விரலைத் தொடவேண்டும் என்று இழுத்தால் வலி கூடத்தான் செய்யும். மடித்த கம்பளியின் விளிம்பில் உட்கார்ந்து, முழங்காலைச் சற்று மடக்கி, பாதத்தில் பெல்ட் போட்டுப் பிடியுங்கள். நெஞ்சு முன்னே நகர்ந்தால் போதும், தலை முட்டியைத் தொட வேண்டியதில்லை.

இந்தக் கம்பளி, பெல்ட், கட்டை, நாற்காலி எல்லாவற்றையும் முறையாகப் பயன்படுத்திக் காட்டியவர் புனேயின் பி.கே.எஸ். ஐயங்கார். ஒரு நிலையில் நெடுநேரம் நிறுத்தி ஒவ்வொரு மூட்டையும் திருத்துவார்கள். வினியோகா, கிருஷ்ணமாச்சாரியார் 1952இல் சென்னைக்கு வந்தபின் ஆளுக்கு ஏற்றபடி மாற்றிக் கற்பித்ததன் தொடர்ச்சி. மகன் தேசிகாச்சார் வழியாகப் பரவியது. மூச்சுக்கேற்ற மெல்லிய அசைவு, பெரும்பாலும் தனி வகுப்பு.

ஹாட் யோகா வேண்டாம். 40 டிகிரி அறையில் தசை இளகியதுபோல் தோன்றும், எல்லை தெரியாமல் இழுத்துவிடுவீர்கள்.

தனி வகுப்பு கிடைத்தால் வினியோகா, இல்லையென்றால் ஐயங்கார் தொடக்க வகுப்பு. காலில் மரப்போ, முழங்காலுக்குக் கீழே இறங்கும் வலியோ இருந்தால் மட்டும் எந்த வகுப்புக்கும் முன் மருத்துவரைப் பாருங்கள்.