டஸ்டி பேக்கர் பத்து நாளில் வந்துவிட்டார், இவர் ஏன் போகக்கூடாது?

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறோம். என் கணவருக்கு 61 வயது. போன வாரம் காலையில் காபி டம்ளர் அவர் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. வாய் கோணி, பேச்சு குழறியது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. எமர்ஜென்சியில் 'மினி ஸ்ட்ரோக்' என்றார்கள். எம்.ஆர்.ஐ., கழுத்து ஸ்கேன் எல்லாம் எடுத்து, ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் கொடுத்து மறுநாள் அனுப்பிவிட்டார்கள். இதயத் துடிப்பைப் பதிவுசெய்ய நெஞ்சில் ஒட்டும் கருவிக்கு இன்சூரன்ஸ் அனுமதி இன்னும் வரவில்லை. "பேஸ்பால் மேனேஜர் டஸ்டி பேக்கருக்கும் இதேதான் வந்தது, பத்து நாளில் மைதானத்துக்கு வந்துவிட்டார். எனக்குக் கருவியெல்லாம் வேண்டாம்" என்று இவர் திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்புகிறார். விடலாமா?

பதில்: உட்கார்ந்து செய்யும் வேலைதான், டாக்டரும் சரி என்கிறார் என்றால் போகட்டும். வீட்டில் படுக்க வைப்பதால் அடுத்த ஸ்ட்ரோக் நின்றுவிடாது. கார் ஓட்டுவதை மட்டும் டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். எனக்குப் பயம் அந்தக் கருவியை 'வேண்டாம்' என்கிறாரே, அதில்தான்.

பேக்கர் கதையை அவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். 2012 செப்டம்பரில் பேக்கர் சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் மேனேஜர், வயது 63. அணியோடு சிகாகோ போன இடத்தில் இதயத் துடிப்பு தாறுமாறாகி மருத்துவமனையில் சேர்ந்தார். வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், அங்கேயே மினி ஸ்ட்ரோக் வந்தது. டாக்டர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள், துடிப்புக் கோளாறும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அக்டோபர் தொடக்கத்தில் அணிக்குத் திரும்பினார். பத்து வருடம் கழித்து, 73 வயதில், உங்கள் ஊர் ஆஸ்ட்ரோஸ் அணிக்கு உலகத் தொடரையே வென்று கொடுத்தார். உங்கள் கணவருக்குக் காரணம் இன்னும் தெரியவில்லை. வித்தியாசம் அதுதான்.

இதயத்தின் மேல் அறை ஒழுங்காகச் சுருங்காமல் படபடத்தால் ரத்தம் அங்கே தேங்கும். தேங்கின தண்ணீரில் பாசி பிடிப்பதுபோல அதில் ரத்தக் கட்டி உண்டாகும். அது மூளைக்குப் போய் ஒரு குழாயை அடைத்து, தானாகக் கரைந்தால் மினி ஸ்ட்ரோக். அடுத்தது கரையும் என்று யாரும் சொல்ல முடியாது. இந்தப் படபடப்பு வந்து வந்து போகும். சாதாரண ஈ.சி.ஜி. பத்து நொடிதான் பார்க்கிறது, அதில் சிக்காமல் போவது சகஜம். அதற்குத்தான் அந்தக் கருவி. படபடப்பு இருப்பது தெரிந்தால் இப்போதைய மாத்திரைகள் போதாது, ரத்தம் உறைவதைத் தடுக்கும் அபிக்ஸபான் போன்ற வேறு வகை மருந்து வேண்டும்.

மினி ஸ்ட்ரோக் வந்தவரை அனுமதிக்காகக் காக்கவைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்ட்ரோக் ஆபத்து முதல் நாட்களில்தான் மிக அதிகம். டாக்டர் அலுவலகத்தைக் கூப்பிட்டு, 'அவசரப் பரிசீலனை' என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அவசரம் என்று டாக்டர் எழுதினால் பெரும்பாலான இன்சூரன்ஸ் திட்டங்கள் 72 மணி நேரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். நீங்கள் கேட்காவிட்டால் அந்தக் காகிதம் நகராது.

இதற்கிடையில் 'ஸ்ட்ரோக் ஸ்கிரீனிங் பேக்கேஜ்' என்று தபாலில் விளம்பரம் வரும். கழுத்து ஸ்கேன் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, அவர்களுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். 'இயற்கையாக ரத்தத்தை இளக்கும்' நாட்டோகைனேஸ் மாத்திரை விற்பவர்கள் இன்னும் மோசம். இவர் சாப்பிடும் மருந்தோடு அது சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம். விற்றவர் அப்போது வந்து நிற்கமாட்டார்.

ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்லவேண்டும். உங்கள் கணவர் சிறுவயதில் நம் ஊரில், இந்தியாவில் வளர்ந்தவரா? தொண்டைப் புண், மூட்டு வீக்கம் வந்து மாதாமாதம் பெனிசிலின் ஊசி போட்டதாக அவர் அம்மா சொன்னதுண்டா? அது ருமாட்டிக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். அதனால் இதயத்தின் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கிப்போனவர்களுக்கும், உலோக வால்வு வைத்தவர்களுக்கும் அபிக்ஸபான் சரிப்படாது. பழைய வார்ஃபரின்தான், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்துகொண்டு. எக்கோ எனும் இதய ஸ்கேனில் இது தெரிந்துவிடும். ஆனாலும் இங்கே பிறந்து வளர்ந்த இளம் டாக்டருக்கு இதைக் கேட்கத் தோன்றாமல் போகலாம். நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அபிக்ஸபான் எழுதினால் ஒரு வேளைகூட விடக்கூடாது. ஒரு டப்பாவில் 60 மாத்திரை, ஒரு நாளைக்கு இரண்டு. நான் பார்த்த ஒருவர் இரண்டாவது ஸ்ட்ரோக்கோடு வந்தார். டப்பாவைக் கொட்டி எண்ணினேன். 28 நாள் ஆகியிருந்தது, 4 இருக்கவேண்டிய இடத்தில் 22 இருந்தது. விலைக்குப் பயந்து பல நாள் ராத்திரி மாத்திரையைச் சாப்பிடாமல் விட்டிருக்கிறார். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், வழி தேடலாம்.

மறுபடி வாய் கோணினால், கை தளர்ந்தால், ஐந்து நிமிடத்தில் சரியானாலும் 911 கூப்பிடுங்கள். கூடுதலாக ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், அது நெஞ்சுவலிக்குச் சொல்வது. ரத்தக்கசிவாக இருந்தால் கேடு. அவரை நன்றாக இருந்தபோது கடைசியாகப் பார்த்த நேரத்தைக் கடிகாரம் பார்த்து எழுதி வையுங்கள். ஆம்புலன்ஸில் வருபவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.