வீராம்பட்டினத்தில் படித்த வியட்நாம் பையன்கள் (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: அரிக்கமேட்டில் இடிந்து நிற்கும் செங்கல் சுவர்கள் ரோமானியர்கள் கட்டியவைதானே? கூட வந்தவர் "இல்லை, அது சாமியார்கள் இருந்த இடம்" என்று அடித்துச் சொல்கிறார். (வாசகர், புதுச்சேரி)

கூட வந்தவர் சொன்னதுதான் சரி. ரோமானிய வணிகத்துக்கான சான்றுகள் அங்கே மண்ணுக்கடியில் கிடைத்தவை. 1945-இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது வந்த பானை ஓடுகளும் மதுச்சாடித் துண்டுகளும்தான் அந்தக் கதையைச் சொல்கின்றன. தரைக்கு மேலே நிற்பது 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மிஷன் குருக்கள் இருந்த வீட்டின் மிச்சம். ரோமாபுரி என்று நினைத்து அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்பவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும், என்னைக் கேட்டால் அந்தச் சுவரின் கதை ரோமாபுரிக் கதைக்கு ஒன்றும் குறைந்ததில்லை. 1770 முதல் 1782 வரை அரிக்கமேட்டை ஒட்டிய வீராம்பட்டினம் பகுதியில், கத்தோலிக்கக் குருக்களைப் பயிற்றுவிக்கும் ஒரு குருமடம் நடந்தது. அதில் படித்தவர்கள் கொச்சின்சீனா (இன்றைய தெற்கு வியட்நாம்), சீனா, சயாம் (இன்றைய தாய்லாந்து) பக்கத்துப் பையன்கள்.

கேள்வி: சயாம் பையன்கள் சாமியாருக்குப் படிக்க எதற்கு இவ்வளவு தூரம் வரவேண்டும்? (வாசகி, காரைக்கால்)

வேறு வழியில்லாமல் ஓடி வந்தார்கள். கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

குருக்களைத் தங்கவைத்துப் பயிற்றுவிக்க மறைமாவட்டம்தோறும் குருமடம் வேண்டும் என்று கத்தோலிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1563-இலேயே சொல்லிவிட்டது. ஆனால் ஆசியாவில் ஐரோப்பாவிலிருந்து கப்பல் ஏறி வரும் குருக்களை நம்பித்தான் பெரும்பாலும் சபை ஓடிக்கொண்டிருந்தது. அவர்களில் கடலில் செத்தவர்கள் போக, காய்ச்சலில் செத்தவர்கள் போக, அரசன் துரத்திவிட்டவர்கள் போக மிஞ்சியவர்கள் எத்தனை பேர் இருக்க முடியும்? அதனால் 1659-இல் ரோம், பாரிஸ் வெளிநாட்டு மிஷன் சபையின் முதல் ஆயர்களை அனுப்பும்போதே, அந்தந்த மண்ணின் மக்களையே குருக்களாக்குங்கள், பிரான்சையும் இத்தாலியையும் அங்கே தூக்கிக்கொண்டு போகாதீர்கள் என்று எழுதிக் கொடுத்தது. லாம்பெர் த லா மொத், பிரான்சுவா பல்லு ஆகிய இரு ஆயர்களும் 1665-இல் சயாமின் தலைநகர் ஆயுத்தயாவில் பொதுக் குருமடம் ஒன்றைத் தொடங்கினார்கள். இடம் கொடுத்தவர் மன்னர் நாராய். ஒரே நாட்டுக்கு என்றில்லாமல் கிழக்காசிய மிஷன்கள் எல்லாவற்றுக்கும் பொது என்பதால்தான் பின்னாளில் 'காலேஜ் ஜெனரல்' என்ற பெயர் நிலைத்தது.

நாராய் இருந்தவரை நல்ல காலம். 1688-இல் அரண்மனைப் புரட்சி வந்தது, பிரெஞ்சுக்காரர்கள்மேல் இருந்த கோபம் குருமாணவர்கள்மேலும் பாய்ந்து அவர்களும் சிறைக்குப் போனார்கள். அதிலிருந்து எழுந்து நின்றால், அடுத்த நூற்றாண்டில் பர்மியப் படை வந்தது. ஆயுத்தயா 1767-இல் தரைமட்டமானது. அதற்கு முன்பே, 1765-இல் குருமடம் மூட்டையைக் கட்டிக்கொண்டு இன்றைய வியட்நாம்–கம்போடியா எல்லைப் பக்கம் ஹொன் தாத் என்ற இடத்துக்குப் போய்விட்டது.

அங்கே பொறுப்பில் இருந்தவர் பிஞ்ஞோ த பெஹேன், இருபதுகளில் இருந்த பிரெஞ்சு குரு. தப்பி வந்த சயாம் இளவரசன் ஒருவனுக்கு இடம் கொடுத்ததாகக் குற்றம் சாட்டி, 1768-இல் அவரையும் உடனிருந்தவர்களையும் கழுத்தில் கனத்த மரச்சட்டம் மாட்டிச் சிறையில் போட்டார்கள். விடுதலையாகி வந்து பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே, 1769 கடைசியில் கொள்ளையர் கூட்டம் புகுந்து மாணவர்களில் சிலரைக் கொன்றது. மிச்சம் இருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு படகேறியவர் மலாக்கா வழியாக 1770-இல் பாண்டிச்சேரி வந்து சேர்ந்தார். பிரெஞ்சுக் கொடி பறந்த இடம், சபை ஆட்களுக்குத் தெரிந்த துறைமுகம். இதைவிடப் பாதுகாப்பான இடம் அவருக்கு எங்கே கிடைத்திருக்கும்?

கேள்வி: அவ்வளவு கஷ்டத்தில் இங்கே என்ன சாதித்தார்கள்? (அதே வாசகி)

ஒரு அகராதி. குருமடம் பன்னிரண்டு வருஷத்தில் மூடப்பட்டதைப் பார்த்துவிட்டு வீராம்பட்டினக் காலத்தைத் தோல்விக் கணக்கில் எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 1772, 73 வாக்கில் பிஞ்ஞோ, கூட இருந்த வியட்நாமியர்களை வைத்துக்கொண்டு வியட்நாமி–லத்தீன் அகராதி ஒன்றைக் கையெழுத்துப் பிரதியாகத் தொகுத்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் அவர்களுடைய பழைய சித்திர எழுத்து, அதை உச்சரிக்கும் விதம் லத்தீன் எழுத்தில், அப்புறம் லத்தீனில் பொருள். பின்னால் வந்த பிரெஞ்சு ஆயர் தபேர் அதை விரித்து, 1838-இல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் செராம்பூரில் அச்சேற்றினார். பாண்டிச்சேரிக் கடற்கரையில் தொகுத்து வங்காளத்தில் அச்சான வியட்நாம் அகராதி என்றால் நம்பவா முடிகிறது!

பிஞ்ஞோவுக்கு 1774-இல் ஆயர் பட்டம் கொடுத்ததும் நம்ம மயிலாப்பூரில்தான். பிறகு அவர் கொச்சின்சீனா திரும்பி, அங்கே அரசு இழந்த நுயென் ஆனுக்காக அவருடைய மகனான இளவரசனையே பிரான்சுக்கு அழைத்துப்போய், 1787-இல் வெர்சாயில் படை உதவிக்கான ஒப்பந்தமும் வாங்கி வந்தார். அதை நிறைவேற்ற வேண்டிய பாண்டிச்சேரி கவர்னர் கான்வே கைவிரித்துவிட்டார். அரசியல் கதை நீளமானது, இன்னொரு இதழில் பார்ப்போம்.

கேள்வி: பாண்டிச்சேரிப் பையன்கள் அதில் சேரவில்லையா? (வாசகர், விழுப்புரம்)

அது கிழக்கு நாட்டுப் பையன்களுக்கான மடம். இந்தப் பக்கத்துப் பையன்களுக்கென்று பாண்டிச்சேரியில் 1778-இல் தனியாக ஒரு குருமடம் தொடங்கியது, அதுதான் 1934-இல் பெங்களூருக்குப் போய் மல்லேஸ்வரத்தில் புனித பேதுரு குருமடமாக நடக்கிறது.

கேள்வி: எங்கள் பினாங்கு காலேஜ் ஜெனரலும் இதுவும் ஒன்றா? அத்தனை நாட்டு மாணவர்களுக்கு எந்த மொழியில் பாடம் நடத்தினார்கள்? (வாசகர், பட்டர்வொர்த்)

ஒன்றேதான். வீராம்பட்டினத்தில் மூடியபின் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இடைவெளி விட்டு, 1808-இல் லொலிவியே என்ற குரு சீனக் கடற்கரையின் மக்காவ் நகரிலிருந்து சில சீன மாணவர்களோடு பினாங்கு வந்து அதை மறுபடி திறந்தார். சீக்கிரமே பினாங்கின் புலாவ் தீக்குஸ் பகுதி அதன் இருப்பிடமானது. ஆங்கிலேயர் துறைமுகம், எல்லாக் கப்பலும் வந்துபோகும், கிறிஸ்தவர் என்பதற்காக யாரும் தலையை வாங்க மாட்டார்கள். வேறென்ன வேண்டும்?

மொழி லத்தீன். திருப்பலிக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கான்டன் பையனும் சைகோன் பையனும் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டுமானாலே லத்தீனில்தான் முடியும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொரியப் பையன்களும் பினாங்குக்கு வந்து படித்தார்கள்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். மண்ணின் மக்களைக் குருக்களாக்க என்று தொடங்கிய கல்லூரியில், 19-ஆம் நூற்றாண்டு முழுக்கப் பேராசிரியர் நாற்காலியில் இருந்தவர்கள் பிரெஞ்சு சபையினர். குருப்பட்டம் கொடுக்கக் காட்டிய அவசரத்தைப் பொறுப்பு கொடுப்பதில் அவர்கள் காட்டவில்லை என்பதே என் எண்ணம்.

கேள்வி: அதை வேதசாட்சிகளின் கல்லூரி என்கிறார்களே? (வாசகி, தூத்துக்குடி)

வேதசாட்சி என்றால் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர். அப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. பினாங்கில் பாடம் நடத்திய எம்பேரும் சாஸ்தானும் பிறகு கொரியாவுக்குப் போய் 1839 செப்டம்பரில் கொல்லப்பட்டார்கள், 1984-இல் புனிதர் பட்டம் பெற்றார்கள். அங்கே படித்த பிலிப் மின், மேலே சொன்ன ஆயர் தபேரோடு கல்கத்தாவில் இருந்தவர், 1853-இல் வியட்நாமில் தலை வெட்டப்பட்டார். 1988-இல் புனிதரான வியட்நாம் வேதசாட்சிகளில் அவரும் ஒருவர். அவரைப் போல இன்னும் சிலர் உண்டு. பினாங்கில் பாதுகாப்பாகப் படித்து முடித்துவிட்டு, கழுத்துக்கு ஆபத்து என்று தெரிந்தே ஊர் திரும்பியவர்கள் இவர்கள்.

கேள்வி: இப்போதும் நடக்கிறதா? (வாசகர், ஈப்போ)

நடக்கிறது. 1984-இல் புலாவ் தீக்குஸை விட்டு, பினாங்கிலேயே தஞ்சோங் பூங்கா என்ற ஊர்ப்பகுதியில் தங்களுக்கே இருந்த விடுமுறை இல்லமான மாரியோஃபீலுக்கு மாறினார்கள். ஒவ்வொரு நாடும் சொந்தக் குருமடம் கட்டிக்கொண்டபின் வெளிநாட்டு மாணவர் வரவு குறைந்து, இப்போது பெரும்பாலும் மலேசியாவின் தேவைக்கான குருமடமாகிவிட்டது. ஆனாலும் 2016-இல் மலேசியாவின் முதல் கர்தினாலான சோத்தர் ஃபெர்னாண்டஸ், 2022-இல் கர்தினாலான சிங்கப்பூர் வில்லியம் கோ, 2023-இல் கர்தினாலான பினாங்கு ஆயர் செபஸ்தியான் பிரான்சிஸ் என மூன்று பேருமே அங்கே படித்தவர்கள்தான்.