கையால் வரைந்ததா, அச்சடித்ததா? ஓவியம் வாங்குவோர் கேள்விகளும் பதில்களும்

பழைய படங்களைப் பழுதுபார்த்துச் சட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். ஓவியம் என்று நம்பி அச்சுப்படத்தை வாங்கி வருபவர்களும் உண்டு, அச்சுப்படம்தானே என்று நல்ல ஓவியத்தைப் பரணில் போட்டு வைத்தவர்களும் உண்டு. படம் வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது என்று வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (கோவை): அண்ணா, 'கையால் வரைந்தது' என்று போட்டிருந்த ஒரு கேன்வாஸ் படத்தை ஆன்லைனில் வாங்கினேன். தடவினால் பிரஷ் தடம் தட்டுப்படுகிறது. அப்படியென்றால் அசல்தானே?

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கேன்வாஸ் மேலேயே இங்க்ஜெட்டில் அச்சடித்து, அதன்மேல் நிறமில்லாத ஜெல்லைப் பிரஷ்ஷால் இழுத்துவிடுகிறார்கள். கைக்குத் தட்டுப்படுவது அந்த ஜெல்லாகவும் இருக்கலாம். அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் படத்தின் பக்கவாட்டிலிருந்து சாய்த்து அடியுங்கள். கெட்டியாக வண்ணம் வைத்த அசலில் மேடும் நிறமும் சேர்ந்தே போகும். இலைக்குப் போட்ட தடம் இலையோடு முடியும். ஜெல் பூசிய படத்தில் தடம் ஒரு பக்கம் ஓடும், கண்ணும் மூக்கும் வேறு பக்கம் இருக்கும்.

அப்புறம், நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வானம், கன்னம் மாதிரி வெளிறிய இடமாகப் பார்த்து அதை வையுங்கள். இங்க்ஜெட் என்றால் நுண்ணிய வண்ணப் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். காலண்டர், பத்திரிகை அச்சடிக்கும் ஆப்செட் முறை என்றால் அதே புள்ளிகள் வரிசை கட்டிச் சின்னச் சின்னப் பூ வட்டமாகத் தெரியும். கையால் தீட்டியதில் இந்தப் புள்ளிகள் இருக்காது, குழைத்த வண்ணம்தான் தெரியும்.

கேள்வி (மதுரை): சார், பெண் கல்யாணத்துக்குத் தஞ்சாவூர் ஓவியம் ஒன்று வாங்க வேண்டும். ஒரே அளவு, ஒரே ஆலிலைக் கிருஷ்ணன். ஆனால் ஒரு கடையில் சொல்லும் விலையில் பாதிகூட இன்னொரு கடையில் இல்லை. எதை நம்புவது?

இப்போது அதிகம் ஏமாறுவது இதில்தான். படத்தை அச்சடித்துப் பலகையில் ஒட்டி, நகை வரும் இடத்தில் மட்டும் கல்லையும் ஜரிகைத் தாளையும் பதித்துக் கொடுத்துவிடுகிறார்கள். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

வேலை நடக்கும் வரிசை தெரிந்தால் பிடித்துவிடலாம். பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புத் தூளும் பசையும் கலந்து பூசி வழவழப்பாக்குவார்கள். உருவத்தைக் கோடாகப் போட்டு, கல் பதித்து, மக்கு என்கிற கெட்டிப் பசையை வைத்து நகைகளையும் மண்டபத்தையும் மேடாக்குவார்கள். அதன்மேல் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு. வண்ணம் அதற்குப் பிறகுதான் வரும், முகம் கிட்டத்தட்டக் கடைசியில்.

அதனால் கழுத்து ஆரத்தின் ஓரத்தில் லென்ஸை வையுங்கள். அசலில் உடம்பின் நீலமோ ஓரக்கோட்டின் சிவப்போ தங்கத்தின் விளிம்பில் துளி ஏறி நிற்கும். ஒட்டு வேலையில் தலைகீழாக, வண்ணத்தின் மேல் தங்கத்தாள் உட்கார்ந்திருக்கும். சில சமயம் தாளுக்கு வெளியே, அச்சில் இருந்த மஞ்சள் ஆரமே எட்டிப் பார்க்கும்! அடுத்து முகம். கண்ணின் வெள்ளையிலும் உதட்டோரத்திலும் புள்ளி தெரிந்தால் அச்சு. அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. மண்டபத்தின் இடது வளைவையும் வலது வளைவையும் ஒப்பிட்டும் பாருங்கள். கையால் வைத்த மக்கு இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒத்துப்போகாது.

தங்கம் தனிக் கேள்வி. கையால் வரைந்த படத்திலேயே 22 காரட் ரேக்குக்குப் பதில் செம்பு கலந்த போலித் தாளை ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். வாங்கும் அன்று இரண்டும் ஒரே மாதிரி மின்னும்; வருடங்கள் போனால் போலி கறுக்கும். கண்ணால் பார்த்து உறுதி சொல்வது கஷ்டம், ஆகவே பில்லில் எழுதி வாங்குங்கள். தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு இருப்பது உண்மை. ஆனால் அது இந்தக் கலைக்குக் கிடைத்த பாதுகாப்பு. உங்கள் கையில் உள்ள படம் அசல் என்பதற்கு அது சான்று ஆகாது.

கேள்வி (தேவகோட்டை): ஐயா, எங்கள் பாட்டையா காலத்து ரவிவர்மா லட்சுமி படம் பூஜையறையில் இருக்கிறது. எண்ணெய் ஓவியம் மாதிரியே பளபளப்பு. லட்சக்கணக்கில் போகும் என்கிறார்களே?

உங்களிடம் இருப்பது பெரும்பாலும் ஒலியோகிராஃப், அதாவது எண்ணெய் ஓவியம் போலத் தெரியும்படி அச்சடித்த படம். ரவிவர்மா 1894இல் மும்பையில் அச்சகம் தொடங்கியதே தன் படங்கள் எல்லா வீடுகளுக்கும் போக வேண்டும் என்றுதான். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல்லில் அச்சு ஏற்றி, மேலே வார்னிஷ் அடித்துவிடுவார்கள். பளபளப்பு அதில் வருவது. சிலவற்றில் கேன்வாஸ் நெசவு மாதிரி காகிதத்திலேயே அழுத்தியும் இருக்கும்.

இங்கே கேட்க வேண்டியது ஓவியமா அச்சா என்பதல்ல, பழைய அச்சா புது அச்சா என்பது. லென்ஸில் பாருங்கள். கல் அச்சின் புள்ளிகள் கையால் குத்தியவை. ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒழுங்கே இருக்காது. மேலே சொன்ன பூ வட்டம் தெரிந்தால் அது பிற்கால ஆப்செட் மறுபதிப்பு. ரூபாய் நோட்டைச் சோதிக்கும் யுவி டார்ச் கிடைத்தால், இருட்டில் படத்தின் பின்பக்கக் காகிதத்தில் அடியுங்கள். பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் பழைய கதை எல்லாம் பொய். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் அந்த ரசாயனம் ஆலைகளுக்கு வந்தது 1950களை ஒட்டித்தான்.

அசல் ஒலியோகிராஃப்புக்கும் நல்ல மதிப்பு உண்டு. முக்கியமாக, கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயர் வெட்டுப்படாமல் இருந்தால், சேலைக்கு ஜரிகையும் சமிக்கியும் வைத்துத் தைத்திருந்தால். அவற்றைப் பிய்த்து 'சுத்தம்' செய்துவிடாதீர்கள். சட்டத்தையும் மாற்ற வேண்டாம்.

கேள்வி (சென்னை): 45/200 என்று பென்சிலில் எழுதிக் கையெழுத்தும் போட்ட படம். இது எதில் சேர்த்தி?

இரண்டு விதமாக இருக்கலாம். ஓவியரே தகட்டிலோ கல்லிலோ மரத்திலோ வேலை செய்து, அதிலிருந்து 200 பிரதி எடுத்திருந்தால் ஒவ்வொன்றும் அசல்தான். ஆர்.எம். பழனியப்பன் போன்றவர்கள் அச்சுக்கலையையே தங்கள் கலையாகக் கொண்டவர்கள். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமிக்குப் போனால் இந்த வேலையைப் பற்றி விசாரிக்கலாம். செதுக்குத் தகட்டு அச்சு என்றால் படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளம் பெரும்பாலும் விரலுக்குத் தெரியும்.

ஏற்கெனவே வரைந்த ஓவியத்தை ஸ்கேன் செய்து 200 பிரதி போட்டு எண் எழுதினால், அது எண் போட்ட நகல். ஜிக்ளே என்று பெயர் சொல்லி விற்பார்கள், அதுவும் இங்க்ஜெட்தான். பிடித்திருந்தால் வாங்குங்கள், ஓவியத்தின் விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி (திருச்சி): நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொட்டுத் தேய்த்தால் தெரிந்துவிடும் என்கிறார்களே, அக்கம்பக்கத்தில்?

தெரியும், படமும் போய்விடும். ரிமூவரில் பெரும்பாலும் இருக்கும் அசிட்டோன் அக்ரிலிக் வண்ணத்தையும் கரைக்கும், வார்னிஷையும் கரைக்கும். வேண்டாம்.

கேள்வி (புதுச்சேரி): வாட்டர்கலரில் மேடு பள்ளமே இருக்காதே, அதை எப்படிப் பார்ப்பது?

காகிதத்தின் சொரசொரப்பைப் பாருங்கள். தண்ணீரில் கரைந்த வண்ணம் குழிகளில் தேங்கி, காய்ந்த இடத்தின் ஓரம் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும். அடியில் பென்சில் கோடு இருந்தால் சாய்த்துப் பிடிக்கும்போது மின்னும். அச்சடித்த பென்சில் கோடு மின்னாது.

கேள்வி (சேலம்): கடைக்காரர் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்ற மறுக்கிறார். பில் கேட்டால் 'மிக்ஸ்டு மீடியா' என்று எழுதுகிறார். என்ன செய்ய?

கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, என்னாலும்தான். 'மிக்ஸ்டு மீடியா' நியாயமான வார்த்தைதான். ஆனால் அச்சின் மேல் நாலு கோடு இழுத்ததையும் அதற்குள் ஒளித்துவிடலாம். ஓவியர் பெயர், வருடம், அளவு, எந்த வண்ணம், எதன்மேல் வரைந்தது, அடியில் அச்சு எதுவும் இல்லை என்பது, இவ்வளவும் பில்லில் வேண்டும் என்று கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் சண்டை போட வேண்டாம், "சரி, அச்சுப்படமாகவே வைத்துக்கொள்வோம், அதற்கு என்ன விலை?" என்று கேட்டுப் பாருங்கள்.